கதவைச் சாத்தாத ஆத்தா

என் அன்பு அய்யாவுக்கு,

உங்கள் கடைசி நாவல் போன வாரம் ஜெகதாப்பட்டினத்துக்கு வந்தது. ஆத்தா மீன் கையோடு அதைத் தொட வந்தாள், நான் விடவில்லை. நீங்கள் கண்மூடிய பிறகு வெளிவந்த முதல் புத்தகம் அல்லவா?

லண்டனில் உங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் நான். ஆனால் கேள்வியெல்லாம் நீங்கள்தான் கேட்டீர்கள். எங்கள் ஊர் ஐஸ் பிளான்ட்டில் கட்டியை எதால் உடைப்பார்கள், படகு வந்தால் கரைக்கு முதலில் யார் ஓடுவார்கள்? பத்திரிகைக்காரர் புத்தி எங்கே போகும்? பதில் மாறுகிறதா என்று பார்க்க மறுநாளும் அதையே கேட்பீர்கள். என் அண்ணனைக் கடலில் நேவிக்காரர்கள் பிடித்துப் போனபோது ஆத்தா தினமும் அவன் பங்குச் சோற்றை எடுத்து வைத்த கதையைத்தான் அதிகம் கேட்டீர்கள்.

உங்கள் கதைக்கு மட்டும் பிடி கொடுக்க மாட்டீர்கள். என் நாட்டு அரசாங்கத்துக்குப் பிடிக்காததை எழுதினேன், யூதன், இந்த நாட்டுக்காரனே இல்லை என்று பாஸ்போர்ட்டைப் பறித்துத் துரத்தினார்கள் என்பீர்கள். அத்தோடு சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் யூத வழக்கப்படி மெழுகுவத்தி ஏற்றும்போது நான் தட்டைப் பிடித்துக்கொள்வேன். அங்கேயே விட்டு வந்த உங்கள் அம்மா அப்படித்தான் ஏற்றுவாராம். அவர் சாவுக்குக்கூட உங்களை விடவில்லை. நீங்கள் வந்த பிறகு அவர் எப்படி இருந்தார் என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பீர்கள். செய்தி எழுதுவதை விட்டு ஏன் கதைக்கு வந்தீர்கள் என்றால், "செய்தியில் பார்க்காததை எழுதக் கூடாதே" என்று சிரிப்பீர்கள்.

நாவலைத் திறந்தால் எங்கள் துறைமுகம். மகனை அரசாங்கம் துரத்திவிட்ட வீட்டில் ஒரு தாய் சோறு எடுத்து வைக்கிறாள். கதவைத் திறந்தே வைத்து, காற்றில் அணைய அணைய விளக்கேற்றுகிறாள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆத்தாவை இப்படித் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்களே.

நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல ஆத்தா மீன் அரிந்துகொண்டே கேட்டாள்.

"இது நான் இல்லத்தா. நான் கதவச் சாத்திப்புட்டுத்தான் படுத்தேன். ஒங்கண்ணன் செயில்ல இருக்கான், விட்டா போன் பண்ணிட்டு வருவான்னு தெரியும்ல. இவளுக்கு மகன் எங்கிட்டு இருக்கான்னே தெரியல. எப்ப வந்து நிப்பானோன்னு தொறந்து வச்சிருக்கா. இது அவுக ஆத்தாதான்."

அரிந்த மீனை அலசப் போட்டுவிட்டு, "பாக்காமயே எப்படி எழுதுனாக?" என்றாள்.

அதற்காகத்தான் கதைக்கு வந்தீர்களா, அய்யா? உங்கள் அம்மா நிஜமாகவே கதவைத் திறந்து வைத்திருந்தாரா? இல்லை, அப்படித்தான் இருந்திருப்பார் என்று நம்ப ஆசைப்பட்டீர்களா? உங்களைப்போல் இதை நான் மறுநாள் திரும்பக் கேட்க முடியாது.

ஜெயிலிலிருந்து வந்துவிட்ட அண்ணன் நேற்றும் கடலுக்குப் போயிருக்கிறான். ஊரில் யாராவது புத்தகத்தைப் பார்த்து, இது நம்ம ஊர்தானே என்றால், ஊர் நம்முடையது, அந்தத் தாய் அவருடையவர் என்று சொல்வேன். இந்த வெள்ளிக்கிழமை எங்கள் விளக்குக்குப் பக்கத்தில் உங்கள் அம்மா பேரில் ஒன்று ஏற்றுவேன். காற்று அடித்தால் அடிக்கட்டும், அன்றைக்குக் கதவைச் சாத்த மாட்டோம். ஆத்தாவும் சரியென்றுவிட்டாள்.

உங்களுக்கு மகள் முறையாகும்,
மரகதம்