காய்ச்சலுக்கு விற்ற மூலிகைப் பொடி

கழக்கூட்டத்தில் மருந்துக் கம்பெனி முதலாளியாகிவிட்ட தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. உன் படம் போட்ட பொடி டப்பா இங்கே பாறசாலைவரை வந்துவிட்டது. 'பன்றிக் காய்ச்சலைத் தீர்க்கும் மூலிகை' என்று அச்சடிக்க உனக்குக் கூசவில்லையா? பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு வயிறு கெடாமலிருக்க நான் தீவனத்தில் கலந்துவந்த மஞ்சளும் பூண்டும் நிலவேம்பும்தானே அது? காய்ச்சலைத் தீர்க்கும் என்று நான் எப்போதடா சொன்னேன்?

பக்கத்து வீட்டு லில்லிபாய் உன்னை நம்பினாள். பன்றிகள் காய்ச்சலில் சுருண்டு விழுந்த பிறகும் ஒன்பது நாள் உன் பொடியையே கொடுத்தாள். கடைசியில் அதிகாரிகள் வந்து, நோய் பரவாமலிருக்கச் சுற்றுவட்டாரப் பன்றிகள் எல்லாவற்றையும் கொன்று புதைத்தார்கள். என்னுடைய பதினாறும் அதில் சேர்த்தி.

"உனக்க தம்பி சொன்னதுனாலயாக்கும் டாக்டர விளிக்காம இருந்தேன், கேட்டியா" என்று என்னிடமே வந்து அழுதாள்.

நீயோ, விளம்பரப் படத்தில் நான் சிரித்துக்கொண்டே பேச வேண்டும் என்று பட்டுச்சேலை அனுப்பியிருக்கிறாய்!

பேசிவிட்டேன். மிருக ஆஸ்பத்திரி மேசைமேல் உன் டப்பாவை வைத்து, ஒன்றுவிடாமல் சொல்லி, கையெழுத்தும் போட்டேன். உன்னை விசாரிக்க வருவார்கள். எல்லாம் முடிந்தபின் ஒதுங்க இடமில்லையென்றால் இங்கே வா. பன்றிக்கூடு காலியாகத்தான் கிடக்கிறது.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த
அக்கா