ஒரு கன்னத்தின் இரண்டு அச்சுகள்

மார்ச் 6, 2007. செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கிளினிக்கில் ஏசி வேலை செய்கிறது, அதுவே போதும்.

புதுக் கமெரா வந்து மூன்று வாரம். செய்முறை கைக்குப் பழகிவிட்டது. கன்னத்தில் சிலிக்கன் பசை, ஐந்து நிமிடம், உரித்தால் தோலின் அச்சு. அதன்மேல் சரிவாக வெளிச்சம். தோலின் வரிகள் நிழலாக விழும். கணினி நிழலை அளந்து ஓர் எண் தரும்: சொரசொரப்பு எவ்வளவு. ஒரு சதுர அங்குலக் கன்னம், திரையில் வெள்ளவத்தைக் கடல், காற்று விழுந்த நேரம். பார்த்துக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

ஒரே சிக்கல். ஒரே கன்னத்தில் அடுத்தடுத்து இரண்டு அச்சு எடுத்தால் இரண்டு எண். முதலாவது வழவழப்பு, இரண்டாவது சொரசொரப்பு. கிறீம் சோதனைக்கு வரும் எட்டுப் பேரிலும் இப்படியே.

டொக்டர் கோபிக்கவில்லை. வெள்ளிக்குள் இரண்டும் ஒத்துவராவிட்டால் கமெராவைத் திருப்பி அனுப்புவாராம். கிறீம் பூசுமுன் ஒன்று, பூசியபின் ஒன்று அளக்கத்தான் அது வந்தது. அளவே தளம்பினால் எதற்கு. கமெரா போனால் என் வேலையும் போகும். அதை அவர் சொல்லவில்லை.

மார்ச் 7, புதன்

சந்தேகங்கள்: பசை கலக்கும் நேரம். விளக்கின் சரிவு. என் கை. மூன்றையும் மாற்றியாயிற்று. பலனில்லை.

பாமன்கடையில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பைக்குள் அச்சுகள். சிப்பாய் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தான். கன்னம் என்று சிங்களத்தில் சொன்னேன். தன் கன்னத்தை ஒருதரம் தடவிவிட்டுத் திருப்பித் தந்தான்.

மார்ச் 8, வியாழன்

கண்டுபிடித்தேன்.

பழைய அச்சொன்றை லென்ஸின் கீழ் வைக்கக் குனிந்தபோது மணம். சந்தனம். சிலிக்கனுக்கு ஏது சந்தனம்? எல்லாவற்றையும் மணந்து பார்த்தேன். முதல் அச்சுகளில் மட்டும். லென்ஸில்: வரிகளுக்குள் வெள்ளைத் துகள். பவுடர். குழிகளை நிரப்பியிருக்கிறது. முதல் அச்சு அதை உரித்தெடுக்க, இரண்டாவதில்தான் தோல்.

வரவேற்பு மேசை பர்ஸானா, மோப்ப நாய் வேலைக்குச் சேர்ந்தீங்களா என்று சிரித்தாள். வீட்டில் முகம் கழுவிவிட்டு வரத்தானே சொன்னோம், ஏன் பவுடர் என்றேன்.

"கழுவினா போடத்தானே சேர் வேணும்? வெறும் மொகத்தோட யாரு டொக்டர்ட்ட வார? நீங்களும்தான் போட்டிருக்கீங்க."

கண்ணாடி. கழுத்தோரம் வெள்ளை. நான்கு வருடம் கம்பஸில் விஞ்ஞானம். கிறீம், எண்ணெய், லோஷன் எல்லாம் கூடாதென்று எழுதிக் கொடுத்தவன் நான். பவுடர் நினைவுக்கே வரவில்லை. அது எனக்கும் முகத்தின் ஒரு பகுதி.

எட்டுப் பேருக்கும் போன். நாளைக்குப் பவுடர் வேண்டாம். ஒவ்வொருவரும் பவுடருமா என்று திருப்பிக் கேட்டார்கள்.

மார்ச் 9, வெள்ளி

கொட்டாஞ்சேனையில் விடியவே ஆமியின் சுற்றிவளைப்பு, றோட்டெல்லாம் மூடியாயிற்று. பத்து மணி. பதினொன்று. ஒருவரும் இல்லை. டொக்டர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.

பன்னிரண்டுக்கு றெஜினா அன்ரி. எட்டுப் பேரில் ஒருவர், துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். வேறு யாரோ போல முகம். சோதனையில் அடையாள அட்டைப் படத்தையும் அவவையும் மாறி மாறிப் பார்த்து, இது நீதானா என்று கேட்டார்களாம்.

வியர்வை அடங்க ஏசிக்குக் கீழே கால் மணித்தியாலம். தலை நிமிரவில்லை.

"என்ர மனுசன்ர செத்த வீட்டுக்குப் பிறகு, தம்பி, வெறும் முகத்தோட றோட்டில இறங்கினது இண்டைக்குத்தான்."

பசையைக் கலந்தேன்.

முதல் அச்சு. இரண்டாம் அச்சு. இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டு நின்றன. டொக்டர் மூன்றாவதும் எடுக்கச் சொன்னார். அதுவும் அங்கேயே. ஒரு கன்னம் போதாது, மற்ற ஏழு பேரும் வரவேணும், ஆனால் கமெரா இருக்கட்டும் என்றார். நான் அன்ரியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவ கேட்டது ஒன்றுதான். "அப்ப முடிஞ்சுதோ? இனிப் பூசலாமோ?"

கிளினிக்கில் எல்லாம் இருக்கிறது, பவுடர் இல்லை. பர்ஸானாவின் பையிலும் தீர்ந்துபோயிற்று. காலி வீதியைக் குறுக்கே கடந்து கடைக்கு ஓடினேன்.