கிராஃப் தாளில் சல்லடம்

மேலகரம், தென்காசி
28-6-87

இல்லை குழலி, உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் என் குரல் நடுங்கியதற்கு லைன் கோளாறு என்று சொன்னேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பயம். நீ அந்த வெளிநாட்டில் குளிரில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று உன் பெயர்க்காரி அம்மனைத் தினமும் கேட்கிறேன். அப்பா சுகம். சாரல் பிடித்துவிட்டது, ஐந்தருவியில் நிற்க இடமில்லையாம். நான் இன்னும் போகவில்லை.

துபாயிலிருந்து வந்த துல்கர்னைன் பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். உன் கம்பெனி செய்கிற டி.வி. விளையாட்டின் பெயரை நான்தான் பெருமையாக அவனிடம் சொல்லியிருந்தேன். எப்படியோ கேசட்டை வரவழைத்து, வந்து பாருங்க டீச்சர், உங்க மக போட்ட படம் என்று போன புதன்கிழமை கூப்பிட்டான். போனேன். திரையில் ஒரு அரக்கன். தலையில் குல்லா, இடுப்பில் மணி வைத்த, முழங்கால் வரை வரும் சிவப்புச் சல்லடம். நம் மாடசாமி கோவிலில் சாமியாடி கடற்கரை கொடைத் திருவிழாவுக்கு உடுத்துகிற அதே சல்லடம். துப்பாக்கிக்காரப் பொம்மை சுடுகிறது, அரக்கன் விழுகிறான், பொம்மை சல்லடத்தை உருவித் தான் உடுத்திக்கொள்கிறது. அதற்குப் பலம் கூடுகிறது. அந்த நேரம் பார்த்து டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கடற்கரையே வந்துவிட்டார். நின்று பார்த்தார். முதலில் சிரித்தார். இது எந்தூரு சாமி வே, பொத்தான அமுக்குனா வந்துருதாரு, நாப்பத்தோரு நாள் பச்சத்தண்ணில குளிச்சு வெரதம் இருக்க நான்தான் கேணப்பயலா என்று கேட்டார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் குழலி. பிறகு அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். இடுப்போரம் நாலு கறுப்புக் கட்டம். அவர் முகம் மாறியது. துல்கர்னைன் உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தான், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கடற்கரை டிரான்சிஸ்டரை மறந்துவிட்டுப் போனார்.

அந்தக் கறுப்பு, ஒட்டுத் துணி. அவர் அப்பா சாமியாடும்போது பூக்குழியில் விழுந்து இறந்த வருடம் சல்லடம் கருகிய இடம். உடுத்தினால் மேலே கச்சை மறைத்துவிடும். சல்லடம் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்தவருக்கு மட்டும்தான் தெரியும். கொடை நாள் தவிர அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது, காப்புக் கட்டாதவர் தொடக் கூடாது. இரண்டு வருடம் முன்பு நீ அந்தச் சல்லடத்தைப் படம் வரைந்து அனுப்பக் கேட்டாய். அவர் செங்கோட்டைச் சந்தைக்குப் போன நேரம் அவர் மனைவி வள்ளித்தாயிடம் போய், மகள் படிப்புக்கு வேண்டும் என்றேன். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று திறந்தாள். நான் தொட்டேன். ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு மணி என்று கிராஃப் தாளில் குறித்தேன். ஒட்டையும் விடவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா. நீ அதைக் கட்டம் கட்டமாக வரைந்தாய் என்று உன்னைக் குறை சொல்ல முடியாது. முதலில் கட்டமாக்கியது நான்.

நேற்று வள்ளித்தாய் பின்வாசல் வழியாக வந்தாள். உட்காரவில்லை. பெட்டியத் தொறந்தது யாருன்னு தெரியணுமாம், வெள்ளிக்கெழம வீட்டாளுக எல்லாரும் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும்னு அவுக சொல்லுதாவ டீச்சரம்மா, படிக்கிற புள்ளைக்கின்னுதான தொறந்தேன், இப்பம் உங்க பேரச் சொல்லவா, பொய்ச் சத்தியம் பண்ணவா, பேரப்புள்ளைக ரெண்டு இருக்கே என்றாள். பொய்யாகக் கற்பூரம் அணைத்தால் குழந்தைகளுக்கு ஆகாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இரவெல்லாம் உன் முகம்தான். இந்த வருடம் சல்லடம் உடுத்த மாட்டேன் என்றும் கடற்கரை சொல்கிறாராம். சுட்டுக் கொன்னவன் உருவிப் போட்ட துணிய நான் எப்படிக் கட்டுவேன் என்று கேட்டாராம்.

நம்ம ஊர் உடுப்பு உலகம் பூராவும் போகிறது என்று நீ எழுதியிருந்தாய். யோசித்தேன். நம் குடும்பம் கொடைக்குக் கிடா கொடுக்கும், முன்னால் நிற்கும், முதல் திருநீறு வாங்கும். உடுத்தியதில்லை. நெருப்பில் விழுந்ததில்லை. நம்ம என்று எப்படிச் சொல்வது?

ஒன்று மட்டும் மறைக்காமல் எழுது. அரக்கனுக்கு உடுத்தச் சொன்னது அவர்களா, நீயா? உன் மேலதிகாரியிடம் இது ஒரு மனிதரின் சாமி உடை என்று சொல். விற்ற கேசட்டைத் திரும்ப வாங்க முடியாது, தெரியும். இனி போடுவதிலாவது எடுக்கச் சொல். வேலை போகும் என்றால் அதையும் எழுது, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தலைக்கு எண்ணெய் வை. தனியாக இருட்டில் காரோட்டாதே. அம்மன் உன்னோடு இருப்பாள். திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், பூசிக்கொள்.

உன் அம்மா,
அகிலாண்டேஸ்வரி

பி.கு. மாலை ஐந்து மணி. குத்துக்கல்வலசைக்கு, கடற்கரை வீட்டுக்குப் போய்வந்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னது நான், தொட்டதும் நான், வரைந்தது என் மகள் என்று சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுக் கோவிலுக்கு வரச் சொல்லியிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.