அறுநூற்றுப் பதினொரு சிவப்புப் பலகைகள்

மார்ச் 4, செவ்வாய்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டைத் திறக்கும் ஒரே ஆள் நான்தான். போன வாரம் சலோமே இதில் ஜனவரியில் பாதியைத் தின்றாள். பதினான்கு மாதக் குழந்தைக்கு அம்மாவின் வாழ்க்கை ருசிக்கிறது போலும்.

படத்தை வெட்டி முடித்துவிட்டேன். தொண்ணூறு நிமிடம். கடலோர ஊரான துமாக்கோவின் சதுப்புக் காட்டில் சேற்றுக்குள் கைவிட்டுச் சிப்பி பொறுக்கும் பெண்களைப் பற்றி நொஹேலியா எடுத்த படம். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் வேலை. இதில் சொதப்பினால் "அவளுக்குக் குழந்தை பொறந்துடுச்சு, பாவம்" என்று எல்லோரும் அன்பாகச் சொல்லிவிட்டு, அப்புறம் கூப்பிடவே மாட்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

எல்லாவற்றையும் வெய்மாரிடம் கொடுத்தாயிற்று. என்னோடு படித்தவன், இனி நிறம் சேர்ப்பது அவன் வேலை. ஹார்ட் டிஸ்க்கைத் துணிப்பையிலிருந்து எடுத்ததும் முகர்ந்து பார்த்தான்.

"டயப்பர் எதுவும் உள்ள இல்லையே, தாயே?"

எடிட்டிங் மென்பொருள் படத்தையே அனுப்பாது. ஒரு பட்டியலைத்தான் அனுப்பும்: எந்த ஃபைல், எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை. கலர் மென்பொருள் அதைப் படித்து, கேமராவில் பதிவான கனமான மூல ஃபைல்களைப் பெயர் வைத்துத் தேடி எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். கல்லூரியில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். இங்கே எழுதிவைக்கிறேன், யாரும் கேட்காததால்.

மார்ச் 7, வெள்ளி

வெய்மார் போன் செய்தான். "யுரானி, உன் படம் பிரமாதம். தொண்ணூறு நிமிஷமும் ஒரே சிவப்பு."

அறுநூற்றுப் பதினொரு ஷாட்டிலும் 'ஃபைல் கிடைக்கவில்லை' என்ற சிவப்புப் பலகை. "உன் பக்கம் ஏதாவது செட்டிங்கா இருக்கும், பாரு" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த 'உன் பக்கம்'.

மார்ச் 8, சனி

என் பக்கம்தான்.

வெட்டுவதற்காகக் கனமான ஃபைல்களிலிருந்து லேசான நகல்கள் எடுத்திருந்தேன் இல்லையா. கேமரா வைத்த பெயர்களெல்லாம் சி-ஒன்று, சி-இரண்டு என்று வறண்டு கிடந்தன. சலோமேவை இடது பக்கம் பால் குடிக்கவிட்டு, வலது கையால் ஒவ்வொரு நகலுக்கும் நானே பெயர் வைத்தேன். 'மழைக்கு முன் தோணி'. 'எர்மீலியா அழுகை, நல்லது'. 'எர்மீலியா அழுகை, மிக நல்லது'. பிள்ளைக்குப் பெயர் வைத்த பழக்கத்தில் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் சூட்டியிருக்கிறேன். நகலின் பெயரை மாற்றாதே என்பது முதல் வருடப் பாடம்.

இப்போது வெய்மாரின் மென்பொருள் 'எர்மீலியா அழுகை'யைத் தேடுகிறது. மூலத்தில் அப்படி ஒரு ஃபைலே கிடையாது.

திங்களன்று சொல்லிவிடுவேன்.

மார்ச் 10, திங்கள்

சொல்லவில்லை.

பெயர் உதவாததால் வெய்மார் பதிவான நேரத்தை வைத்துப் பொருத்திப் பார்த்தான். பாவம். அந்தக் கேமரா ஒவ்வொரு கார்டிலும் நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். கார்டுகளோ இருபத்து மூன்று, ஒரே நேரம் எல்லாவற்றிலும் உண்டு. கையில் முதலில் அகப்பட்டதை மென்பொருள் எடுத்து மாட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து நொஹேலியா அவன் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறாள். கடலில் போன மகனை நினைத்துச் சிப்பி பொறுக்கும் எர்மீலியா அழ வேண்டிய இடத்தில் ஒரு பன்றி. அதுவும் நிதானமாக, சேற்றைக் கடந்து, கேமராவைப் பார்த்து நிற்கிறது.

வெய்மார் எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தான், எல்லாம் கேட்டது. "என்னப்பா இது, தெரிஞ்சுதான் இந்த மெஷினைத் தொடுறியா?" என்று அவனைக் கேட்டாள் நொஹேலியா. பிறகு என்னிடம், "யுரானி, உன் பக்கம் எல்லாம் சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

பன்றி மேல் சத்தியமாக.

மார்ச் 11, செவ்வாய்

சலோமேவின் நெற்றியை ஆறு தடவை தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் ஒரு காரணம் கிடைத்திருக்கும் என்று நினைத்தது யார்? நானா?

மார்ச் 12, புதன்

நொஹேலியா படத்தை வெய்மாரிடமிருந்து எடுத்து பொகோட்டாவில் வேறு ஸ்டுடியோவுக்கு அனுப்பப் போகிறாளாம். திரைப்பட விழாவுக்கு அனுப்ப இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. வெய்மாருக்கும் இது முதல் முழுநீளப் படம்.

பாண்டேபோனோ சீஸ் ரொட்டியைப் பிய்த்துக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே ஹாரல்டிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கணவன் என்றால் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ.

"சொன்னா வேலை போயிடும், ஹாரல்ட்."

"சொல்லலைன்னா அவனுக்குப் போயிடும். ரெண்டுல எது உன்னோடதுன்னு பாத்துக்கோ. பிள்ளை வாயில ரொம்பத் திணிக்காத."

மார்ச் 13, வியாழன்

நொஹேலியாவின் வீட்டுக்கே போனேன். சலோமேவை இடுப்பில் வைத்துக்கொண்டு. குழந்தை இருந்தால் குறைவாகத் திட்டுவாள் என்ற கணக்கு, மறைப்பானேன்.

முழுக்கச் சொன்னேன். பெயர் சூட்டியது, சனிக்கிழமையே தெரிந்தது, தெரிந்துகொண்டே 'சரிதான்' என்றது.

அவள் சத்தம் போடவில்லை. "பேரை மாத்தினது போகட்டும், அது தப்பு. அந்தப் பையனை நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டிருந்தேன். நீ கேட்டுக்கிட்டே இருந்தே பாரு."

"குழந்தை, தூக்கமில்லாம..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் ரெண்டு இருக்கு. அதைச் சொல்லாதே."

பிறகு, என் முன்னாலேயே வெய்மாரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். படம் அவனிடமே இருக்கும். அறுநூற்றுப் பதினொன்றையும் நான் கண்ணால் பார்த்து மூலத்தோடு பொருத்தித் தர வேண்டும். அதற்கப்புறம் என்ன என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

தினமும் வெய்மாரின் ஸ்டுடியோ. இடது திரையில் என் நகல், வலது திரையில் மூலம். கடல் வற்றும் நேரம் நாளுக்கு நாள் மாறும் அல்லவா, சதுப்பு மர வேர்களில் ஈரம் ஏறியிருக்கும் உயரத்தைப் பார்த்தே அது எந்த நாள், எந்தக் கார்டு என்று இப்போது சொல்லிவிடுகிறேன். உலகில் வேறு எதற்கும் உதவாத திறமை.

வெய்மார் ஒழுங்காக வேலை செய்கிறான். கேலி இல்லை. "அடுத்ததுக்குப் போலாமா? நீங்க சொல்லுங்க." நீங்க. பத்து வருட நட்புக்குப் பிறகு 'நீங்க'. இதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

மார்ச் 21, வெள்ளி

611.

ஏப்ரல் 2, புதன்

நிறம் சேர்த்து முடிந்த படத்தைப் பார்த்தோம். சேறு கறுப்பு இல்லை, ஊதா. நான் ஐந்து மாதம் பார்த்தும் பார்க்காத ஊதா. எர்மீலியா அழுதபோது நொஹேலியா மூக்கைச் சிந்தினாள். வெய்மாரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "நல்லா வந்திருக்கு" என்றேன். "நன்றிங்க" என்றான்.

ஜூன் 17, செவ்வாய்

நொஹேலியா கூப்பிட்டாள், புதுப் படத்துக்கு. வெட்டுவது நான். "கலர் யாருன்னு நீயே பேசி முடிவு பண்ணு" என்று போனை வைத்துவிட்டாள். இது பரிசா தண்டனையா என்று மதியம் முழுக்க யோசித்தேன்.

அனுப்ப வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஏற்கெனவே நான்கு தடவை எழுதி அடித்தாயிற்று.

'வெய்மார், அன்றைக்கு ஸ்பீக்கரில் என் பக்கம் சரிதான் என்று சொல்லி உன்னைத் திட்டு வாங்கவிட்டதற்கு உன்னிடம் நேராக மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். புதுப் படம் ஒன்று வந்திருக்கிறது. கலரை நீ செய்ய வேண்டும் என்பது என் ஆசை. இந்தத் தடவை வெட்டத் தொடங்கும் முன்பே, சோதனைக்கு இரண்டு நிமிடம் மட்டும் கோத்து, பட்டியலோடு உனக்கு அனுப்புகிறேன். உன் மெஷினில் சரியாகத் திறக்கிறதா என்று பார். நீ பார்த்துச் சொல்லும் வரை நான் ஒரு ஷாட்டையும் வெட்டப்போவதில்லை. வேண்டாம் என்றாலும் சொல்லிவிடு. சீக்கிரம் பதில் போடு.'