மழைக்காலத்துக்குப் பழைய கம்பி

என் அருமை மச்சான் நடேசனுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நீ மறைந்தது பிப்ரவரி ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. கடைத்தெருவில் உன் படத்தோடு கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் பத்தாம் தேதி என்று அச்சிட்டுவிட்டார்கள். அடக்கம் செய்த நாளை மறைந்த நாளாக எழுதியிருக்கிறார்கள். மாற்றி அடிக்கச் சொன்னேன். "விடுங்க மாமா, ஒரு நாள்தானே" என்றாள் உன் மகள் கலைவாணி. ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாள் நீ கூடுதலாக உயிரோடு இருந்ததாக ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி இருந்திருந்தால், நமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது எவ்வளவு இருந்தது?

உன்னைப் பற்றிப் பலரும் பேசினார்கள். நல்ல மனிதர், தம் உப்பளத்தில் கூலிக்கு வந்தவர்களிடம் குரல் உயர்த்தாதவர் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நான்கு ஆண்டுகளாக நீயும் நானும் எதைப் பற்றிச் சண்டையிட்டோம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. உன் பழைய வெள்ளை காரின் பின்பக்கத்து ஸ்வே பாரைப் பற்றித்தான் அந்தச் சண்டை என்பதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். காருக்கு அடியில், இடப்பக்கச் சக்கரத்தையும் வலப்பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஓர் இரும்புக் கம்பி உண்டு. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு, சாய்வைத் தடுக்கும். பின்பக்கத்துக் கம்பியை இன்னும் தடித்ததாக மாற்றினால் வண்டி வேறு வண்டியாகிவிடும் என்பது உன் கட்சி. மாற்றியவனுக்கு அப்படித் தோன்றும், அவ்வளவுதான் என்பது என் கட்சி.

மருத்துவமனையில் கூட நீ விடவில்லை. கையில் ஊசி குத்தியிருக்க, கைப்பேசியில் அந்தக் கம்பியை வாங்க ஆர்டர் செய்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாய். "மாமா, நா எழுந்து வந்ததும் மொத வேல அதுதான். கம்பிய மாட்டிட்டு, உங்கள பக்கத்துல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு வர்றேன். அதுக்கப்பறம் பேசுங்க."

"எழுந்து வா முதலில்" என்றேன்.

நீ வரவில்லை. கம்பி வந்தது. பிப்ரவரி இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை. உன் காரியம் முடிந்த மூன்றாம் நாள். பொட்டலம் கொண்டு வந்தவர், "நடேசன் சாரக் கூப்புடுங்க, அவர் போனுக்கு ஓடிபி வந்திருக்கும்" என்றார். அணைத்து வைத்திருந்த உன் கைப்பேசி உன் படத்துக்கு முன்னால் இருந்தது. கலைவாணி அதை எடுத்து, மின்சாரம் ஏற்றி, எண்ணைப் படித்துச் சொன்னாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். எனக்கு உன்மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்? வாதத்தை இப்படிப் பாதியில் நிறுத்திவிட்டு, சாட்சியை மட்டும் அனுப்பி வைப்பது எந்த வகையில் நியாயம்?

மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உன் மெக்கானிக் தாஸ் அதை மாட்டினான். மாட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவன், "சார், ரயில் தண்டவாளத்துல போற மாதிரி போவுது சார்" என்றான். கலைவாணி புதுச்சேரி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, கண்கள் விரிய நின்றாள். "மாமா, சூப்பரா இருக்குது. அப்பா சொன்னது நெஜம். நீங்க ஒத்துக்கோங்க."

நானும் ஓட்டிப் பார்த்தேன். உப்பளத்தை ஒட்டி வளையுமே அந்தத் திருப்பம், அதில் வழக்கமாக உன் வண்டி வயிறு நிறையத் தின்ற எருமை மாதிரி சாயும். இப்போது சாயவில்லை. கை திருப்பியதும் வண்டி திரும்பியது. நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கை கழுவும்போது, தாஸ் கழற்றிப் போட்ட பழைய பாகங்கள் நினைவுக்கு வந்தன. கம்பியை வண்டியோடு பிடித்து வைக்கும் இரண்டு ரப்பர் வளையங்கள், புஷ் என்பார்கள். கழற்றியபோது அவை ரப்பராக இல்லை, அல்வாவாக இருந்தன. புதுக் கம்பியோடு புது புஷ்ஷும் வந்திருந்ததால், யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அந்த அல்வாவைச் செய்தது யார்? நீதான். உப்புக் காற்றில் இரும்பு அரித்துவிடும் என்று ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முதல் நாள், இந்தக் கடற்கரையில் கார் வைத்திருக்கும் எல்லோரும் வண்டிக்கு அடியில் கழிவு ஆயிலைப் பூசுகிறோம். மேலே சந்தனம், கீழே ஆயில். துரு பிடிக்கவில்லை, சரி. ஆனால் ஆயில் பட்ட ரப்பர் ஊறிப் போகும் என்பதை நாம் ஒருவரும் நினைக்கவில்லை. பிடிமானம் இல்லாமல் ஆடும் கம்பி எப்படிச் சாய்வைத் தடுக்கும்? பழைய கம்பி மோசம் என்று நான்கு ஆண்டுகளாகக் கத்தினாயே, அதை உருப்படியாக வேலை செய்ய விட்டாயா நீ?

ஆகவே நான் கேட்டது ஒன்றே ஒன்று. பழைய கம்பியையே புது புஷ்ஷோடு மாட்டி ஓட்டிப் பார்ப்போம். அப்போதுதான் நம் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும். இதைச் சொன்னதற்குக் கலைவாணி என்ன சொன்னாள், தெரியுமா?

"செத்தவங்ககிட்டயும் நீங்க ஜெயிக்கணுமா மாமா?"

உயிரோடு இருந்தபோது உன்னிடம் நான் ஒரு முறையாவது ஜெயித்தேனா?

அவள் அரை மனதோடு சாவியைக் கொடுத்தாள். தாஸிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: இரண்டு கம்பியில் ஏதோ ஒன்றை மாட்டு, எது என்று எனக்குச் சொல்லாதே, தெரியாமல் ஓட்டினால்தான் மனம் ஏமாற்றாது. தலையை ஆட்டினான். வேலை முடிந்து சாவியை நீட்டும்போதே, "சார், நா சொல்ல மாட்டேன். ஆனா பெருசு இல்ல சார் இது" என்றான். இந்த ஊரில் ஒரு சோதனையை ஒழுங்காகச் செய்ய முடியுமா, சொல்! அவனைத் திட்டினேன். "சொல்லலியே சார், பெருசு இல்லன்னுதானே சொன்னேன்" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

கடைசியில் எனக்கு எஞ்சிய ஒரே நடுநிலையாளர் என் மனைவி, உன் அக்காள் சரோஜாதான். வளைவு வந்தால் பின் இருக்கையில் அவளுக்கு வயிற்றைப் புரட்டும் என்பது உனக்குத் தெரியும். அவளிடம் எதுவும் சொல்லாமல் அனுமந்தை வரை போய்த் திரும்பினேன். "எப்படி இருந்தது?" என்றேன். "போன வாரம் மாதிரியேதான் நல்லா இருக்குது. ஏன், தம்பி வண்டிதானே இது?" என்றாள். போன வாரம் இருந்தது தடித்த கம்பி. இப்போது இருந்தது பழைய கம்பி.

என் கணிப்பை எழுதி வைக்கிறேன். நீங்கள் எல்லோரும் வியந்த மாற்றத்தில் பெரும்பகுதி புஷ் செய்தது. மீதி தடித்த கம்பி செய்தது. அந்த மீதியும் உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். காய்ந்த சாலையில், வேகமான திருப்பத்தில், தடித்த கம்பியோடு வண்டி இன்னும் நிமிர்ந்து போகிறது, இன்னும் சட்டென்று திரும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கமும் சேர்ந்து குலுங்குகிறது. இதைக் கேட்டதும் நீ என்ன சொல்லியிருப்பாய்? "பள்ளத்த பாத்து ஓட்டுங்க மாமா" என்றிருப்பாய். உன் பதில்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு எரிச்சலே.

கலைவாணி சொன்னபடி தடித்த கம்பியே மறுபடி ஏறியது. நானும் விட்டுவிட்டேன். அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

ஆகஸ்ட் பத்து, சனிக்கிழமை, பிற்பகல். உன் வண்டியில் நானும் சரோஜாவும். லாரிகள் நாள் முழுவதும் உப்பைச் சிந்திப் போன சாலையில் திடீரென்று மழை. வேகம் அதிகமில்லை, நான் எப்படி ஓட்டுவேன் என்று நீயே கேலி செய்வாயே. அதே திருப்பத்தில் எதிரே ஓர் ஆடு குறுக்கே வர, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். வண்டியின் முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் தன் போக்கில் வெளியே போனது. அரை வட்டம் அடித்து, உப்பளத்தின் வரப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். சரோஜாவின் மடியிலிருந்த பூப்பொட்டலம் முன் கண்ணாடியில் வந்து மோதியது.

"என்னங்க இது, வண்டி திரும்பி வந்த வழியையே பாக்குது?" என்றாள்.

டயர்கள் புதியவை, தாஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான், வேறு குறை இல்லை. பின்பக்கம் அளவுக்கு மேல் விறைத்தால், ஈரத்தில் பிடி விடுவது முதலில் பின் சக்கரம்தான். காய்ந்த சாலையில் உனக்குப் பிடித்த அதே சுறுசுறுப்பு, ஈரச் சாலையில் ஆளைத் தள்ளிவிடுகிறது. எனக்கு எழுபத்து மூன்று வயது, போனால் போகிறேன். ஆனால் கலைவாணி? மழை மாதங்களிலும் இருட்டுப் பிரிவதற்குள் அந்தத் திருப்பத்தைக் கடந்துதானே அவள் புதுச்சேரி மருத்துவமனைக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள்?

கம்பியைக் கழற்றிவிடு என்றேன். மாட்டேன் என்றாள். நான் குரலை உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை, அது உன் குணம்.

"அப்பா கடைசியா வாங்கினது அது ஒண்ணுதான் மாமா. அவருக்கு நா வாங்கிக் குடுத்த மாத்திரைகூட அட்டையோட மிச்சம் இருக்குது. அவரே ஆசப்பட்டு வாங்கினதக் கழட்டச் சொல்றீங்க."

"அவன் இருந்திருந்தால் அவனிடமே சொல்லியிருப்பேன்!"

"இருந்திருந்தா உங்களோட சண்ட போட்டிருப்பாரு. அவருக்குப் பதிலா நா சண்ட போட முடியாது மாமா. என்னால முடியல."

அதன் பிறகு ஆறு வாரத்துக்கு மேல் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சரோஜா என்னோடு சாப்பாட்டு வேளையில் மட்டும் பேசினாள். வானத்தைப் பார்ப்பதே என் வேலையாயிற்று. மேகம் கூடினால் அவள் கைப்பேசிக்கு அழைப்பேன். அவள் எடுத்து, "ரீச் ஆயிட்டேன் மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள். நான் சொன்னது சரி என்று தெரிந்தும், சரியானதைச் சொல்லி ஒரு பெண்ணைக் காக்க முடியாத கையாலாகாத்தனம் இருக்கிறதே, அதை நீ அனுபவித்ததில்லை. நீ சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

அக்டோபர் முதல் வாரம் உன் அளத்தை மூடினார்கள். கலைவாணிதான் நின்று பார்த்துக்கொண்டாள். மழைக்கு முன்பாக உப்புக் குவியல்களுக்கு ஓலை வேய்ந்து, ஆட்களுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, காலில் உப்புச் சேறோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மாமா, மழை வந்தா அப்பா என்ன செய்வாரு? அளத்த மூடுவாரு. தை மாசம் தொறப்பாரு. அளத்த மூடிட்டாருன்னு அவருக்கு உப்பு மேல ஆச இல்லன்னு அர்த்தமா? இந்தக் கம்பியையும் அப்படியே வெச்சிப்போம். அளம் மூடுற நாள்ல கழட்டுங்க. தொறக்கிற நாள்ல மாட்டுங்க. ஆனா நீங்கதான் பக்கத்துல நின்னு செய்யணும்."

எட்டு மாதமாக எனக்குத் தோன்றாத விடை. உனக்கும் தோன்றியிருக்காது, ஒப்புக்கொள். நாம் இருவரும் எது சிறந்தது என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். எப்போது என்று கேட்டவள் அவள்.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முதல் நாள் வழக்கம்போல் ஆயில் பூசினோம். புஷ் இரண்டுக்கும் பாலிதீன் உறை கட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். "சார், கொழந்தைக்குத் துணி கட்டுற மாதிரி இருக்குது" என்றான் தாஸ். பூஜைக்குப் பின் வந்த ஞாயிறு, அக்டோபர் பதின்மூன்று, உன் தடித்த கம்பி கீழே இறங்கியது. கலைவாணி அதைத் துடைத்து, உப்பு மூட்டைச் சாக்கில் சுற்றி, உன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

அன்று மாலை தூறலில் அதே திருப்பத்தில் ஓட்டினேன். பின்னால் சரோஜா. வண்டி கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் போக வேண்டிய வழியில் அமைதியாகப் போனது. என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "பார்த்தாயா நடேசா? நான் அப்போதே சொன்னேன்."

பின் இருக்கையிலிருந்து உன் அக்காள் சொன்னாள்: "அவன் ஒத்துக்க மாட்டான்."

வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

மழைக்காலம் என்னுடையது, மச்சான்; அதில் விவாதம் வேண்டாம். தை பிறந்து அளம் திறக்கும் நாளில் உன் கம்பியை என் கண் முன்னால் மாட்டச் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு வருகிறேன் என்றாயே, அந்த ரவுண்டை நானே ஓட்டுகிறேன். இடப்பக்க இருக்கையில் யாரையும் உட்கார விட மாட்டேன். திருப்பத்தில் வண்டி நிமிர்ந்து திரும்பினால், நன்றாக இருக்கிறது என்று சத்தமாகவே சொல்கிறேன்.

இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளாத உன் மாமா,
சரோஜாவின் கணவன்,
மரக்காணம்.