இங்கே எல்லாம் நலம்

வடதளம், டைட்டன்
தளநாள் 412. 08:10

வெளி வெப்பம் மைனஸ் 179. காற்றழுத்தம் வழக்கம்போல. மீத்தேன் தூறல், மூன்று மணி நேரம். ஏழு மணி அழைப்புக்குப் பதில் போய்விட்டது. இரு தளமும் நலம் என்று பூமியிலுள்ள மையத்துக்கும் தகவல் போய்விட்டது. அனுப்பியது என் இயந்திரம். நான் படுக்கையில் இருந்தேன்.

படிக்கப்போகிறவருக்கு: என் பெயர் வைரவன். சனிக்கோளின் இந்த நிலவில் மொத்தம் இரண்டு பேர். வடதளத்தில் நான், அறுநூறு கிலோமீட்டர் தள்ளித் தென்தளத்தில் ஜெபமாலை. தினமும் காலை ஏழு மணிக்கு அவள் "இருக்கீகளா?" என்று கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். அது விதி. பிறந்ததே தவறு என்று முந்நூறு பக்கம் எழுதி அச்சிலும் பார்த்தவன் நான். யாரும் கேட்காமல் தலையில் கட்டப்பட்டதுதான் உயிர் என்பவன், விடிந்ததும் எழுந்து "இருக்கேன்" என்று கூவுவது எனக்கே சிரிப்பாக இருந்தது. இரண்டு மாதம் முன்பு குரலைப் பதிந்து இயந்திரத்திடம் கொடுத்துவிட்டேன். ரேடியோவில் அவள் பேச்சு நின்றால் போதும், அது சொல்லிவிடும்: "இருக்கேன். இங்கே எல்லாம் நலம்."

தளநாள் 413. 14:25

பதிவு நினைவகம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை. தினம் பத்து விநாடி பதிவாக வேண்டிய இடம். திறந்து பார்த்தேன். பத்து நாள் பேச்சு இருக்கிறது.

16:50

பாதியில் நிறுத்தினேன். பிறகு வெட்கப்பட்டு மீதியையும் கேட்டேன்.

404ஆம் நாள்: "அண்ணாச்சி, காத்து சுத்தம் பண்ணுத மெஷின் நின்னு போச்சு. பூமிக்குப் பேசுத ஆன்டெனாவும் போச்சு. சிலிண்டர்ல சிக்கனமா விட்டா பதினாலு பதினஞ்சு நாள் வரும். வண்டி உங்ககிட்டதான நிக்கி. வந்துருவீகளா?"

என் குரல்: "இருக்கேன். இங்கே எல்லாம் நலம்."

407ஆம் நாள்: "வர முடியலன்னா முடியலன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

என் குரல்: "இருக்கேன். இங்கே எல்லாம் நலம்."

அதற்கப்புறம் அவள் உதவி கேட்கவில்லை. மகள் ரோஸ்லினின் கல்லூரி விடுதிச் சாப்பாடு பற்றி, கடைசி ஊறுகாய்ப் பாக்கெட் தீர்ந்தது பற்றி, முழங்கால் வலி பற்றிப் பேசியிருக்கிறாள். மூச்சு வாங்க அவள் நிறுத்தும்போதெல்லாம் என் குரல் நலம் சொல்லியிருக்கிறது.

அவளுக்குக் காற்று 418 மாலை வரை. வண்டிக்கு ஆறு நாள் வேண்டும். தூங்காமல் ஓட்டினால் ஐந்து. சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன்.

தளநாள் 414. 09:05. வண்டியில்

ஏழு மணிக்கு நானே பதில் சொன்னேன், வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். பத்து நாளாக என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. என் முந்நூறு பக்கமும் என்னைக் காப்பாற்ற வரிசையில் வந்து நின்றது: உலகமே இப்படித்தான், யாரும் யாருக்கும் பொறுப்பில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அப்புறம் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.



"அப்ப நீங்க கேக்கவே இல்லையா? ஒரே வார்த்தையச் சொல்லி வெரட்டுதீகளோன்னுல்லா நெனச்சேன்."

அவள் குரலில் நிம்மதி இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தளநாள் 415. 13:40

என் தளம் வழியாக மையத்துக்கு எல்லாம் தெரிவித்தாயிற்று, என் இயந்திரத்தைப் பற்றித் தவிர. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். கோழைத்தனம்தான்.

மனநல ஆலோசகர் ஒருவர் பூமியிலிருந்து ஜெபமாலைக்குத் தைரியம் சொல்லி அனுப்புகிறார். நம்பிக்கையோடு இருந்தால் எல்லாம் நல்லபடி முடியுமாம். அவள் என்னைக் கூப்பிட்டாள். "இவங்க தெம்பு சொல்லச் சொல்லத்தான் பயமா இருக்கு. நீங்க எழுதுனதச் சொல்லுங்க."

மெஷின் நிற்பதற்குப் பத்து நாள் முன்பே அதன் வடிகட்டியைக் கழுவியிருக்க வேண்டுமாம், சோம்பலாக விட்டுவிட்டாளாம். அதைச் சொல்லித் தன்னையே குத்திக்கொண்டிருந்தாள். நினைவில் இருந்ததைச் சொன்னேன். வாழ்க்கை யாருடைய அளவுக்கும் தைக்கப்படவில்லை. எல்லோரும் தடுமாறத்தான் வந்திருக்கிறோம், தடுமாறியதற்காக ஒருவர் தலைகுனிய வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் சொன்னேன்.

"ஆறுதலால்லா இருக்கு. ஏன் அண்ணாச்சி இத எல்லாரையும் வெரட்டுத மாதிரி எழுதுனீக?"

என் கருத்து இன்றும் மாறவில்லை, உலகம் மோசமான இடம்தான். அப்படியென்றால் பக்கத்தில் இருப்பவரும் அதே இடத்தில்தானே மாட்டியிருக்கிறார்? துன்பத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவன், ஒருவரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்டதில்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வீக்கம் வடிந்துவிட்டதாம்.

தளநாள் 416. 12:00

மையத்துக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, ஒலிச்செய்தி கொடுத்தாள். கேட்காமல் அனுப்பிவைத்தேன்.

தளநாள் 417. 15:30

காலையில் மீத்தேன் சேற்றில் இறங்கிவிட்டது வண்டி. மண்வாரியால் வெட்டி எடுக்க ஒன்பது மணி நேரம். மறுபடி ஓட்டுகிறேன். ஒன்பது மணி நேரம்.

தளநாள் 418. 18:20

நாள் முழுக்கப் பேசினோம். நான்கு மணியிலிருந்து அவளுக்கு வார்த்தை குழறியது. எவ்வளவு தூரம் என்றாள். பொய் சொல்லத் தோன்றியது. இன்னும் ஒன்பது மணி நேரம் என்றேன்.

"மெதுவா வாங்க. வழுக்கும்."

17:52க்குப் பிறகு பதில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.

தளநாள் 419. 07:00. தென்தளம்

ரேடியோவுக்கு முன்னால் நாற்காலியில் இருந்தாள். போர்த்திவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்டேன்?

தளநாள் 420. 10:15

மையத்திலிருந்து:

"ஜெபமாலையின் செய்தி கிடைத்தது. முதல் நாளிலிருந்தே நீங்கள் தினமும் அவருடன் பேசித் துணையிருந்தீர்கள் என்றும், வண்டிப் பழுதால் புறப்படத் தாமதமானது என்றும், மகள் பயப்படுவாள் என்பதால் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டாமென்று தானே உங்களைக் கட்டாயப்படுத்தியதாகவும் கூறியுள்ளார். உங்களைக் குறை சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டுள்ளார். உங்கள் பணியைப் பாராட்டிப் பதிவுசெய்கிறோம். மகள் ரோஸ்லின் ஒன்று கேட்கிறார்: அந்தப் பத்து நாளும் அம்மா என்ன பேசினார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?"

11:40

காற்றில்லாத நேரத்தில், மூச்சைச் செலவழித்து, எனக்காக அவ்வளவு பொய் சொல்லியிருக்கிறாள். அதை ஏற்றுக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம். பாராட்டும் வந்துவிட்டது. வெட்கத்தில் முகம் எரிகிறது.

12:30

வண்டி பழுதாகவில்லை என்று மையத்துக்கு அனுப்பிவிட்டேன். இது ரோஸ்லினுக்கு. நான்காவது முறையாக எழுதுகிறேன்.

அன்புள்ள ரோஸ்லின், உன் அம்மா பேசிய பத்து நாளும் பதிவாகியிருக்கிறது. முழுவதும் அனுப்புகிறேன். நடுநடுவே ஓர் ஆண்குரல் கேட்கும். என்னுடையதுதான். அம்மா கூப்பிட்ட அந்த நேரமெல்லாம் நான்