தூக்காத வீடு

நூம்பல்
6 டிசம்பர்

லாவண்யா,

ஆமாம், கோபம்தான். போனை எடுக்காததற்கு வேறு காரணம் இல்லை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

ஆடியில், தாழ்ந்த வீட்டைச் சாலைக்கு மேலே உயர்த்தித் தரும் ஜாக்கிக்காரர்கள் வந்தார்கள். தெருவே வீட்டைத் தூக்கி முடித்திருந்தது. நீதான் தடுத்தாய். "இந்த ஒரு மழை பொறுத்துக்கோ அக்கா. தூக்காத வீடு இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா ஒப்பிட்டுப் பார்க்க என் ஆய்வுல எதுவும் இருக்காது."

உன் மாமா கேட்டார்: "இன்னா ரேகா, நம்ம ஊட்டை உன் தங்கச்சி பரீட்சைக்கு உட்டுட்டியா?" உனக்காக அவரிடம் சண்டை போட்டேன்.

பொறுத்தேன். குளியலறை வழியாகச் சாக்கடை ஏறியது. பவ்யா கட்டில்மேல் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் நீ வந்தாய். குழந்தையைத் தூக்கத்தான் வந்தாய் என்று நினைத்தேன். சுவரில் அளவுகோலை வைத்தாய். "கொஞ்சம் நகரு அக்கா" என்றாய். படம் எடுத்தாய்.

என் வீட்டை உன் ஆய்வேட்டிலிருந்து எடு.

ரேகா


ஹைதராபாத்
11 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்கும் கோபம்.

தண்ணீர் வடிந்ததும் சுவரைக் கழுவுவீர்கள். கோடு போய்விடும். பிறகு சாலை போட்டவர்கள் தண்ணீரே வரவில்லை என்பார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுகிறார்கள். சாலை ஏறுகிறது. அதனால் வீடு ஏறுகிறது. வீடுதான் ஏறிவிட்டதே என்று சாலையை இன்னும் ஏற்றுகிறார்கள். நான் எழுதுவது இவ்வளவுதான்.

நீ தூக்கினால் தண்ணீர் எங்கே போகும்? பின்தெருவுக்கு. பார்வதம் அக்கா வீட்டுக்கு. அந்தச் சுவர் ஜாக்கி தாங்காது. உனக்கும் தெரியும்.

உன் வீடு இல்லையென்றால் மூன்றாம் இயல் இல்லை. ஜனவரியில் சமர்ப்பிக்க வேண்டும். சம்மதப் படிவத்தில் நீ போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற உனக்கு உரிமை உண்டு. மறைக்கவில்லை. பெறாதே என்று கேட்கிறேன்.

பவ்யாவுக்கு முத்தம்.

லாவண்யா


நூம்பல்
17 டிசம்பர்

லாவண்யா,

பார்வதத்தைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம்.

நேற்று அஸ்திவாரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்தார்கள். அவளே வந்து கேட் அருகில் நின்றாள். "தூக்கிக்கோ ரேகா. ஊர்ல யாருதான் தூக்கல? அடுத்த மழைக்கு நானும் என் மாமியாளும் பாயச் சுருட்டிகினு உன் ஊட்டாண்டதான் வந்து குந்துவோம். சோறு வடிச்சு வை."

ஜாக்கிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வா" என்றேன். அவள் போனபின் உள்ளே போய் அழுதேன்.

நீ எழுதியது அத்தனையும் சரி. அதுதான் ஆத்திரம். இவ்வளவு சரியாக இருந்துகொண்டு, என்னைச் சுவரோரமிருந்து நகரச் சொன்னாய்.

கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ரேகா


ஹைதராபாத்
29 டிசம்பர்

அக்கா,

எடுத்துவிட்டேன். படங்கள், அளவுகள், மூன்றாம் இயல், எல்லாம். கைடு கத்தினார். ஒரு வருடம் தள்ளிப் போகிறது. நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதே. வீடு உன்னுடையது, அதனால்தான். கோபம் அப்படியே இருக்கிறது. உனக்கும் இருக்கட்டும்.

பார்வதம் அக்காவுக்குப் போன் செய்தேன். அடுத்த மழைக்கு அவர் வீட்டில் அளவு எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தண்ணி வந்தா மொதல்ல என் மாமியாளத் தூக்கு. அதுக்கப்புறம் இன்னா வேணா அளந்துக்கோ."

சரி என்றேன்.

இந்த ஒரு வருட வேலைக்கு வரும்போது உன் வீட்டில் தங்கமாட்டேன். பக்கத்தில் குமணன்சாவடியில் ஓர் அறைக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.

லாவண்யா